பின்பலகைப் பேரிசை

கல்வராயன் மலையின் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், சென்ற ஆடித் திங்களில், ஓர் இரவு முழுதும் தெருக்கூத்துக் கண்டேன். நாடகம், கர்ண மோட்சம். களத்து மண்ணில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக அமர்ந்திருந்தனர் மக்கள். கட்டியங்காரன் வந்தான், சிரித்தனர். கர்ணன் வந்தான், ஆரவாரித்தனர். விடியும் வேளையில் கர்ணன் வீழ்ந்தான். முந்தானையால் கண்களைத் துடைத்துக் கொண்டனர் தாய்மார்.

அந்தக் கண்ணீரை வரவழைத்தவர் யார்? கர்ணனாக ஆடியவர் என்பர் பலர். செவியைச் சற்றே கூர்மையாக்காது இருந்திருப்பின் நானும் அவ்வாறே எண்ணியிருப்பேன். ஆனால், இரவெல்லாம் பாடிய அந்த நடிகரின் குரல் அப்போது கம்மிப் போயிருந்தது. அவர் அடியெடுத்துத் தந்தார், அவ்வளவே. அந்த அடியை வாங்கி, முகாரியிலே இழைத்து, இழைத்ததை நீட்டி, நீட்டியதை நடுங்கவிட்டு, ஊரையே விம்ம வைத்தது, அவருக்குப் பின்னால் பலகையில் அமர்ந்திருந்த ஒரு முதியவரின் கையிலிருந்த சிறு குழல். முழ நீளமும் இல்லாத அந்தக் கருவியின் பெயர் முகவீணை.

அவருக்கு அருகே மத்தளம் வாசித்தவர் அவருடைய மகன். தாளம் தட்டிக் கொண்டிருந்த சிறுவன் அவருடைய பெயரன். அந்தச் சிறுவனை நான் அறிவேன். ஏழாம் வகுப்பிலே என்னிடம் தமிழ் படிப்பவன்!

வீடு திரும்பியதும் விழா அறிவிப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். நன்கொடை தந்தோர் பெயர் இருந்தது. பந்தல் போட்டவர் பெயர் இருந்தது. கூத்து வாத்தியார் பெயர் பட்டத்தோடு இருந்தது. கர்ணன், அர்ச்சுனன், பொன்னுருவி வேடம் புனைந்தோர் பெயர்கள் இருந்தன. அடியிலே, "மற்றும் இசைக் குழுவினர்" என்று ஒரு வரி இருந்தது.

மற்றும்! ஒரே பலகையில் அமர்ந்த மூன்று தலைமுறை அந்த ஒரு சொல்லுக்குள் மூடப்பட்டுவிட்டது. இந்தக் கட்டுரை அந்த 'மற்றும்' பற்றியது.

பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில், அதாவது இன்றைய கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில், கூத்தின் பின்பலகையில் அமர்வோர் நால்வர் ஐவர்தாம். மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், தாளம், இவற்றோடு பின்பாட்டு. வேடக்காரர் வருமுன்னரே கருவிகள் முழங்கிக் களரி கட்டுகின்றன. ஊரைத் திரட்டும் முதல் அழைப்பு அதுதான். நடிகருக்கு ஓய்வு உண்டு. தம் காட்சி முடிந்ததும் ஒப்பனைக் கொட்டகைக்குச் சென்று சற்றே சாய்ந்து கொள்ளலாம். பின்பலகைக்கு அந்த ஓய்வும் இல்லை. அரசன் வந்தாலும் அவர்கள் வேண்டும். கோமாளி வந்தாலும் அவர்கள் வேண்டும்.

முகவீணை நாதசுரக் குடும்பத்தின் இளைய பிள்ளை. அதே போலச் சீவாளி வைத்து ஊதப்படுவது. உருவிற் சிறியது, சுருதியில் உயர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், திறந்த வெளியிலே, கடைசிப் பாயில் அமர்ந்திருப்பவர் செவியிலும் சென்று சேர வேண்டிய இசைக்கு அந்த உயரம் தேவையாக இருந்தது. நடிகர் பாடும்போது அவர் சுருதி விலகாமல் காப்பது அதன் முதற்பணி. அவர் பாடி நிறுத்திச் சுழன்றாடும்போது பாட்டு அறுந்துவிடாமல் ஏந்திச் செல்வது இரண்டாவது பணி. மூன்றாவது பணி எளிதில் புலப்படாதது. நடிகர் இன்ன இடத்தில் நீட்டுவார், இன்ன இடத்தில் நிறுத்துவார் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மூச்சின் போக்கைக் கண்டே அடுத்த அடியை அறிந்து, அவருக்கு முன் பாயாமலும் அவருக்குப் பின் தங்காமலும் உடன் செல்ல வேண்டும். சபை மேடையிலே இத்திறனைப் 'பக்க வாத்திய நயம்' என்று பாராட்டுவர். களத்து மண்ணிலே இதற்குப் பெயரே இல்லை.

மத்தளத்தையும் கேளுங்கள். மன்னன் மிடுக்கோடு நடக்கையில் ஒரு சொற்கட்டு. கட்டியங்காரன் குறும்புக்கு வேறு சொற்கட்டு. களத்திலே கணை பாயும்போது மற்றொன்று. காலும் கையும் பிரியாமல் ஓரிரவு முழுதும் இந்த உறவு நடக்கிறது.

புகழ்ந்துகொண்டே போவது திறனாய்வு ஆகாது. குறையும் கூற வேண்டும். அன்றைய இரவில் திரைப்பட மெட்டுகள் சில புகுந்தன; அவை கதையோடு ஒட்டவில்லை. ஒலிவாங்கி நடிகர் முன்னே மட்டும் தொங்கியது. ஆகவே பின்பாட்டு பல இடங்களில் முணுமுணுப்பாகத் தேய்ந்தது. ஆர்மோனியம் ஓங்கியபோதெல்லாம் முகவீணை ஒதுங்கியது. ஆர்மோனியத்தின் கட்டைகள் வகுத்து வைத்த சுரத்தையே தரும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வளைவை அவை தரமாட்டா. அழுகையின் உயிர் அந்த வளைவில் இருக்கிறது. ஆர்மோனியம் வந்ததைக் குறை கூறேன். முகவீணையை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அது அமர்வதையே குறை கூறுகிறேன். கற்பதற்கு அரிய கருவி, கற்பிக்க ஆளில்லாத கருவி, ஊதியமும் பெயரும் தராத கருவி, எத்தனை நாள் பலகையில் இருக்கும்?

தமிழரின் பழைய மரபு இதுவா? இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டுங்கள். ஆடுபவள் மாதவி ஒருத்திதான். ஆனால் இளங்கோ, ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியே வகுத்துக் கூறுகிறார். குழலோன் எவற்றைக் கற்றிருக்க வேண்டும் என்று அவர் செய்யுள் செய்தார். நாமோ அவன் பெயரை அச்சடிக்கவும் மறந்தோம்!

நம் மலைக்கு வடக்கே இருக்கும் செங்கத்துக்கு வருவோம். அங்கே ஆண்ட நன்னனைப் பாடிய பாட்டு மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்பது அதன் மறுபெயர். பரிசில் பெறப் புறப்பட்ட கூத்தரைப் பற்றிய அந்தப் பாட்டு, அரசன் புகழோடு தொடங்கவில்லை. கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளோடு தொடங்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று பெயர் சொல்லிப் போற்றுகிறார் பெருங்கௌசிகனார். கூத்தர் என்பது அன்று மதிப்புச் சொல். 'கூத்தாடி' என்பது இன்று வசைச் சொல். இடையிலே கலை தாழவில்லை. கலைஞன் பிறந்த தெருவை வைத்துக் கலையை அளக்கும் சாதிப் புத்தி வளர்ந்தது.

நம் காலத்து இசை வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. நாதசுரச் சக்கரவர்த்தி எனப்பட்ட திருவாவடுதுறை இராசரத்தினம், 1956இல் மறையும் வரை, தம் கருவிக்காகவும் தம் மதிப்புக்காகவும் ஓயாது போராடினார். நாதசுரக்காரன் நின்று வாசிக்க வேண்டியவன் என்ற நிலையை மாற்றி, மேடையிலே சமமாக அமர்ந்தார். அந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளையாகிய முகவீணைக்காகப் போராட ஓர் இராசரத்தினம் இன்னும் பிறக்கவில்லை.

1943இல் தமிழிசைச் சங்கம் எழுந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டு வேண்டும் என்ற நேரிய போராட்டம் அது. ஆனால் அன்பர்களே, எந்த மாநாடும் கூட்டாமல், எவர் ஒப்புதலும் கேளாமல், இரவு தொடங்கி விடியும் வரை தமிழிலேயே பாடிக் கொண்டிருந்தது கூத்துக் களம். பாட்டின் மொழிக்காக வாதாடினோம்; மேடையின் எல்லையை விரிக்க மறந்தோம்.

பகுத்தறிவு பேசும் நாமும் இப்பழிக்கு முற்றும் நீங்கியவர் அல்லோம். கூத்துச் சொல்லும் புராணத்தை மறுத்தோம்; அது நம் உரிமை, இன்றும் மறுப்போம். ஆயின் மறுத்த கையோடு, அதற்கு வாசித்தவனையும் மறந்துவிட்டோம். மத்தளத்துக்கு மதம் ஏது? முகவீணைக்குப் புராணம் ஏது? நாளை ஓர் உழவனின் கதையைக் கூத்தாக்கினால், அதே முதியவர் அதே முகாரியை வாசித்து அதே கண்ணீரை வரவழைப்பார்.

கூத்தின் பெருமையை உலகம் அறியாமல் இல்லை. பாரதக் கூத்தைப் பற்றி ரிச்சர்ட் பிராஸ்கா எழுதிய நூலைக் கடல் கடந்த ஹவாய்ப் பல்கலைக்கழகம் 1990இல் வெளியிட்டது. புரிசைக் கண்ணப்ப சம்பந்தனுக்கும், பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் 2025இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மகிழ்கிறோம், காலம் கடந்தேனும் கதவு திறந்ததே என்று மகிழ்கிறோம். அந்தக் கதவின் வழியே பின்பலகையும் உள்ளே வர வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் அமைந்தது, நல்லதே. எனினும் உதவித் தொகை பசியைத்தான் ஆற்றும். பெயரில்லாத குறையைப் பெயரைச் சொல்லித்தான் தீர்க்க முடியும்.

விடிந்த அன்று அந்த மாணவன் வகுப்பிலே உறங்கிவிட்டான். தட்டி எழுப்பிக் கடிந்துகொள்ளக் கை ஓங்கினேன். கையை மடக்கிக் கொண்டேன். பின்னர் பதிவேட்டைப் பார்த்தேன். தந்தையின் தொழில் என்ற இடத்திலே 'கூலி' என்றிருந்தது.

"மத்தளம் வாசிப்பவர் என்று ஏன் சொல்லவில்லை, தம்பி?"

"சொன்னா பசங்க கூத்தாடி மவன்னு கூப்புடுவாங்க சார்."

கூலி என்பது பொய்யன்று. கூத்து இல்லாத நாட்களில் அவன் தந்தை வயல் வேலைக்குச் செல்பவர். ஆனால் அது பாதி உண்மை. மறைத்த பாதியில்தான் அந்தக் குடும்பத்தின் கல்வி முழுதும் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் குலத்தின் கலையை மறைத்துக் கொண்டால், அதைக் கற்க அவன் எப்படி முன்வருவான்? அவன் கற்காவிட்டால், அந்த முதியவரோடு முகவீணை மூச்சடங்கும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். கூத்து நடத்தும் ஊரார், அறிவிப்புத் தாளில் இசைக்கலைஞர் ஒவ்வொருவர் பெயரையும் கருவியோடு அச்சிடுக. அதற்கு ஆகும் செலவு இரண்டு வரி மை. நம் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள் உள்ளன. எட்டாவதாக முகவீணைக்கு ஓர் ஆசிரியரை அமர்த்துக. இசை விமரிசனம் எழுதுவோர், மார்கழியில் மயிலாப்பூர் செல்வது போல, ஆடியில் ஓர் இரவேனும் எங்கள் பக்கம் வருக. களத்து மண்ணில் அமர்ந்து, நடிகரைப் பார்த்த கண்ணைச் சற்றே பின்னுக்கு ஓட்டுக.

எங்கள் பள்ளி ஆண்டுவிழா நெருங்குகிறது. அந்த முதியவரையும் அவர் மகனையும் வாசிக்க அழைத்திருக்கிறோம். தாளம் அந்த மாணவன். அழைப்பிதழின் அச்சுப்படி வந்ததும் முதலில் அவனிடம்தான் காட்டினேன். மூன்று பெயர்கள், மூன்று கருவிகள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தான். 'மற்றும்' என்ற சொல் அதில் இல்லை.