உழைப்பாளர் சிலையில் இல்லாத உழைப்பு

சென்னை மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையில் நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் பெயர்க்கப் போராடுகிறார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த வெண்கலத்தில் தசை புடைத்து நிற்கிறது; அந்த உடல்களின் வலி பொய்யில்லை. ஆங்கிலத்தில் இதற்கு 'உழைப்பின் வெற்றி' என்று பெயர்.

ஐந்தாவதாக ஒருத்தியைச் சேர்த்துவிட்டால் குறை தீர்ந்துவிடுமா? பாறை என்றாவது புரளும். அன்று வேலை முடியும், வெற்றி கிட்டும். சமைப்பதும் பெருக்குவதும் துவைப்பதும் முடிவதில்லை. விடிந்தால் அதே பாத்திரம், அதே குப்பை. அந்த நால்வரும் வீடு திரும்பும்போது சோறாக்கி வைத்திருப்பவள் எந்தக் கணத்தில் வெற்றி பெறுகிறாள்? முடிவில்லாத அந்த வேலையையும் உழைப்பென்று எண்ணாதவரை, பீடத்தில் இடம் கிடைத்தாலும் அவள் அலங்காரமாகவே நிற்பாள்.