பனியன் ஊரின் கைக்கு ஒரு ஆட்டோமேட்டிக்

துணி பார்க்கத் தெரிந்தவர் எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் பனியனைக் கையில் வாங்கியதும் உள்பக்கத்தைப் புரட்டிவிடுவார். பிரிண்டும் லேபிளும் அவருக்கு அப்புறம்தான். ஓவர்லாக் தையல் சீராக ஓடியிருக்கிறதா, தோள் சேரும் இடத்தில் டேப் வைத்திருக்கிறார்களா, கழுத்து ரிப்பை இழுத்துவிட்டால் பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று விரலாலேயே கேட்டுக்கொள்வார். நூற்றைம்பது ரூபாய்ப் பனியனிலும் நல்ல வேலை, கெட்ட வேலை உண்டு என்று அறிந்த கண் அது. கைக்கடிகாரத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

லட்சக்கணக்கில் விலை போகும் சுவிஸ் கடிகாரங்களைப் புகழ ஆள் நிறைய உண்டு. நான் பேச வந்தது பத்தாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் நடுவே கிடைக்கிற, தினமும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற, செல் போடத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வாட்ச்களைப் பற்றி. ஒரு கலைஞன் மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய அழகு இவற்றில் இல்லை. லட்சக்கணக்கில் செய்தாலும் ஒவ்வொன்றும் ஒழுங்காக ஓட வேண்டும் என்று யாரோ நெடுநாள் யோசித்த அழகு இருக்கிறது. பனியன் தைத்துப் பிழைக்கிற ஊருக்கு அந்த அழகு புரியாமல் போகாது.

ஆட்டோமேட்டிக் என்றால் சாவி கொடுக்கிற வேலையைக் கையின் அசைவே செய்துவிடும். பின்பக்கம் அரைவட்டமாக ஒரு எடைத்துண்டு, ரோட்டர், கை அசைய அசையச் சுழன்று மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சட்டைப்பைக் கடிகாரங்களில் இதை முயன்றிருக்கிறார்கள். கைக்கடிகாரத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேய வாட்ச் ரிப்பேர்க்காரர். 1924-இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். அவர் இதைத் தேடிப் போனதற்குக் காரணம் சோம்பல் அல்ல, தூசி. சாவி திருகும் குமிழின் ஓட்டை வழியாகத்தான் புழுதியும் ஈரமும் உள்ளே போய் வாட்ச் நிற்கிறது என்று ரிப்பேருக்கு வந்தவற்றைப் பார்த்துக் கண்டுகொண்டார். குமிழே வேண்டாம், கை அசைவே போதும் என்று முடிவு கட்டினார். நிட்டிங் மிஷினிலிருந்து பறக்கும் பஞ்சு புருவத்தில் ஒட்டுகிற ஊரில், இந்தப் பிறப்புக் கதைக்காகவே ஆட்டோமேட்டிக் மேல் எனக்குத் தனி மரியாதை.

இந்த விலைக்குள் உள்ள வாட்ச்களில் நான் வியந்து வியந்து பார்க்கிற ஒரு சின்ன உறுப்பு உண்டு. செய்கோ 1959-இல் கொண்டுவந்தது. மேஜிக் லீவர் என்று பெயர். ரோட்டர் வலப்பக்கமும் சுழலும், இடப்பக்கமும் சுழலும். ஸ்பிரிங்கையோ ஒரே பக்கமாகத்தான் முறுக்க முடியும். எந்தப் பக்கம் சுழன்றாலும் முறுக்கு ஏற வேண்டுமென்றால் திசையை மாற்றித் தரும் சக்கரங்கள் வேண்டும். சுவிஸ் கடிகாரங்கள் பலவற்றில் அதற்கென்றே நுணுக்கமான சக்கர ஜோடி இருக்கும். செய்கோக்காரர்கள் அதை ஒரு தகட்டுத் துண்டால் முடித்தார்கள். ரோட்டர் திருப்பும் சக்கரத்தில் மையம் விலகி ஒரு முனை; அதில் மாட்டிய கவட்டை போன்ற லீவர்; அந்தக் கவட்டையின் இரண்டு கைகளும் ஒரு பல்சக்கரத்தை இரு பக்கமும் அணைத்தபடி நிற்கும். லீவர் முன்னே போகும்போது ஒரு கை பல்லைத் தள்ளும், பின்னே வரும்போது மறு கை பல்லை இழுக்கும். தள்ளினாலும் இழுத்தாலும் பல்சக்கரம் போவது ஒரே திசைதான். உறுப்பு குறைவு, உராய்வு குறைவு, கெட்டுப்போக இடமும் குறைவு. இத்தனை பெரிய சிக்கலுக்கு இவ்வளவு சிக்கனமான விடையா என்று கண்ணாடிப் பின்மூடி வழியே பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைந்துபோகும்.

1963-இல் வந்த செய்கோ 5 இந்த லீவரை எளியவர் கைக்குக் கொண்டுவந்தது. கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில், நாலு மணிப் பக்கம் ஒதுங்கிய குமிழ், தண்ணீர் தாங்கும் கூடு, உறுதியான செயின், தானே சாவி ஏறும் மிஷின். அந்த ஐந்துக்குத்தான் 5. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் கையில் இதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. பலவற்றில் கிழமை அரபியிலும் வரும். 1996-இல் வந்த 7எஸ்26 மிஷினுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, நேரம் வைக்கும்போது விநாடி முள்ளை நிறுத்தவும் முடியாது. ஆனால் சர்வீசே பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் ஓடி, அதற்கென்று ஒரு பக்தர் கூட்டத்தைச் சேர்த்தது. இன்று அந்த இடத்தில் இருக்கும் 4ஆர்36 இரண்டையும் செய்யும். அதன் உடன்பிறப்பான என்எச்35 வேறு கம்பெனிகளுக்கும் விற்கப்படுவதால் பல சிறிய பிராண்டுகளின் வயிற்றுக்குள் இருப்பது அதுதான்.

சிட்டிசன் வழி வேறு. அவர்களுடைய 8200 வகை மிஷினில் ரோட்டர் ஒரு பக்கம் சுழன்றால்தான் முறுக்கு ஏறும். மறு பக்கம் வெறுமனே விர்ரென்று ஓடும். கையை வீசி நடந்தால் மணிக்கட்டில் அந்தச் சுழற்சி தெரியும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு, உள்ளே ஒன்று உயிரோடு இருக்கிறது என்று சொல்லும் அந்த அதிர்வு பிடிக்கும்.

நம் நாட்டு ரிப்பேர் மேசைகளுக்கும் சிட்டிசனுக்கும் பழைய உறவு இருக்கிறது. 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி கடிகாரம் செய்யத் தொடங்கியதே சிட்டிசனின் தொழில்நுட்பத்தோடுதான். சாவி கொடுக்கும் ஜனதாவும் பைலட்டும் பதினேழு கல் மிஷினோடு அப்பாக்கள் கையில் ஓடின. தங்க முலாம் பூசிய காஞ்சன் ஆட்டோமேட்டிக்கை மாப்பிள்ளைக்கென்று தேடி வாங்கினார்கள். 1984-இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி ஒசூரில் ஆலை வைத்தபின் செல்லில் ஓடும் குவார்ட்ஸ் காலம் வந்தது. எச்.எம்.டி வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆனால் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பேலன்ஸைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த கைகள் ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோவையிலும் இன்னும் இருக்கின்றன. ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது அந்தக் கைகளைத்தான். ஊரில் எல்லாருக்கும் பழக்கமான மிஷின் உள்ள வாட்ச்தான் இருபது வருடம் ஓடும். பேர் தெரியாத மிஷின் எவ்வளவு பளபளத்தாலும், ஒரு உறுப்பு உடைந்த நாளில் அது டிராயருக்குள் போய்விடும்.

நேரத் துல்லியம் மட்டும்தான் வேண்டுமென்றால் செல் வாட்ச்சே சிறந்தது. அதில் வாதம் இல்லை. 4ஆர்36-க்குக் கம்பெனி சொல்லும் கணக்கே நாளுக்கு 45 விநாடி கூடலாம், 35 விநாடி குறையலாம் என்பதுதான். கையில் கட்டிப் பழகிய நல்ல மிஷின் பெரும்பாலும் அதைவிடச் சீராகவே ஓடும். ஒன்றை நினைத்துப் பாருங்கள்: மணிக்கு 21,600 துடிப்பு என்றால் நாளுக்கு 5,18,400. வெயிலில் பைக் ஓட்டி, ஃபேன் அடியில் உட்கார்ந்து, படுக்கையில் கழற்றிப் போட்டு, இத்தனைக்கும் நடுவே நாளுக்கு இருபது விநாடி பிசகினால் அது ஆயிரத்தில் கால் பங்குகூட இல்லை. தலைமுடியைவிட மெல்லிய ஹேர் ஸ்பிரிங் செய்கிற வேலை அது.

நம் வேலை வாரத்துக்கும் 4ஆர்36 மிஷினுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. முழு முறுக்கில் 41 மணி நேரம் ஓடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஒன்பது மணிக்கு வீடு வந்து கழற்றி வைத்தால், திங்கள் காலை எட்டரை ஷிப்டுக்குக் கட்டும்போது ஆன நேரம் முப்பத்தைந்தரை மணி. ஞாயிறு முழுக்கத் தூங்கினாலும் வாட்ச் நிற்காது. டைலர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் ஆட்களுக்கு முறுக்குக்குப் பஞ்சமே இல்லை, கை ஓய்ந்தால்தானே! கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் மெர்ச்சண்டைசருக்குத்தான் சில நாள் போதாமல் போகும். அவருக்குக் கையாலும் சாவி கொடுக்கிற மிஷின் நல்லது.

இந்தத் தொழிலில் வாட்ச்சுக்கு உண்மையான எதிரி காந்தம். தையல் மிஷின் பிளேட்டில் ஒட்டவைக்கும் மேக்னெட் கைடு, போன் ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் கவர் எல்லாம் மணிக்கட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், ஸ்பிரிங் குட்டையானது போல ஆகும், வாட்ச் நாளுக்கு நிமிடக்கணக்கில் முந்தி ஓடும். பயந்து விற்றுவிடாதீர்கள். டிமேக்னடைசர் வைத்திருக்கும் கடையில் சில விநாடி வேலை. எப்போதும் மேக்னெட் கைடு வைத்துத் தைப்பவர்கள் வாட்ச்சை மறு கைக்கு மாற்றிக் கட்டுவது நல்லது.

அடுத்தது வியர்வை. பழைய வாட்ச்களில் பல, பித்தளைக் கூட்டின் மேல் குரோமியம் பூசியவை. வியர்வை பட்டுப் பட்டுப் பூச்சு உரிந்து ஓரமெல்லாம் அம்மைத் தழும்பாகிவிடும். பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று எழுதியிருந்தால் மூடி மட்டும்தான் ஸ்டீல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூடு முழுக்க ஸ்டீலா என்று கேட்டு வாங்க வேண்டும். தோல் பட்டை சித்திரை வெயிலில் நாறிப்போகும்; செயினோ நைலான் பட்டையோதான் நமக்கு. செயின் இடுக்கில் சேரும் பஞ்சையும் அழுக்கையும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். வாட்ச்சைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுச் செயினை மட்டும் தேய்க்கவும்.

தண்ணீர்க் கணக்கில் ஏமாறுகிறவர்கள் அதிகம். 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் கை கழுவலாம், மழைச் சாரல் படலாம், அவ்வளவே. கிணற்றில் குதித்து நீந்துகிறவருக்கு 100 மீட்டருக்குக் குறையக் கூடாது. சாயப்பட்டறை ஆவியிலும் ஸ்டீம் அயர்ன் மேசையிலும் எந்த வாட்ச்சும் வேண்டாம். சூடு, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுத்துவிடும்.

அளவில் நான் பிடிவாதக்காரன். நம் மணிக்கட்டுக்கு 36-இலிருந்து 40 மில்லிமீட்டர் போதும். பட்டை மாட்டும் காதுகள் மணிக்கட்டைத் தாண்டி வெளியே நீட்டினால் எவ்வளவு அழகான டயலும் இரவல் வாங்கியது போலத்தான் இருக்கும். டயலில் எழுத்து குறைய இருக்கட்டும், முள் நீளமாக இருக்கட்டும். மணி முள் மணிக்குறியைத் தொட வேண்டும், நிமிட முள் ஓரக் கோட்டைத் தொட வேண்டும். இந்த ஒழுங்கு இருக்கிற வாட்ச்சை ஒரு பார்வையில் படிக்கலாம். நைட் ஷிப்டுக்கு முள்ளில் ஒளிரும் பூச்சு நல்லதாக இருப்பது முக்கியம். தேதியை மட்டும் இரவு ஒன்பதுக்கும் விடிகாலை நாலுக்கும் நடுவே குமிழால் மாற்றாதீர்கள். அந்நேரம் தேதிச் சக்கரத்தின் பற்கள் பிடித்திருக்கும், உடைந்துபோகும்.

விலை மலிவு என்று பழைய எச்.எம்.டி, செய்கோ 5 வாட்ச்களைப் புத்தம் புதிதுபோல ஆக்கி விற்கிறார்கள். அந்த மாடலுக்குக் கம்பெனி எந்நாளும் போடாத நிறத்தில் டயல், தடித்துப் பரவிய எழுத்து, பொருந்தாத குமிழ் இவற்றைக் கண்டால் தொடவே வேண்டாம். உள்ளே நாலு வாட்ச்சின் உறுப்புகள் கலந்திருக்கும். கீறல் விழுந்த பழைய டயலோடு உள்ள உண்மையான பைலட் அதைவிட எவ்வளவோ மேல்.

இன்று ஒருவர் கேட்டால் என் தீர்ப்பு இது. ஸ்டீல் கூடு, 100 மீட்டர், 36-லிருந்து 40 மில்லிமீட்டருக்குள், 4ஆர்36 மிஷின் உள்ள செய்கோ 5 ஸ்போர்ட்ஸ் ஒன்று. அவ்வளவு செலவழிக்க முடியாதென்றால் சிட்டிசனின் 8200 வகை மிஷின் உள்ள எளிய டயல் ஒன்று, கிணற்றுக்குப் போகும்போது கழற்றிவிடலாம். கடன் வாங்கியோ மாதத் தவணையிலோ வேண்டாம். தீபாவளி போனஸ் வரை பொறுங்கள். திருப்பூரிலோ கோவையிலோ ஷோரூமில் கையில் கட்டி, கண்ணாடியில் பார்த்து, கடை முத்திரையும் தேதியும் போட்ட வாரண்டி அட்டையோடு வாங்குங்கள்.