எரேமியா 29:11க்கு மேலே உள்ளவை

காலண்டர்களிலும் வேன் கண்ணாடிகளிலும் அதிகம் ஏறிய பைபிள் வசனங்களில் எரேமியா 29:11 ஒன்று. கடவுள் உங்களுக்காக நினைத்திருப்பது கேடல்ல, நன்மையே. நம்பிக்கையுள்ள எதிர்காலம் உண்டு என்பது அதன் சாரம். ஓ.எல். சோதனைக்குப் போகும் பிள்ளைக்கும் விசாவுக்குக் காத்திருப்பவருக்கும் அதைச் சொல்லித் தைரியம் கொடுக்கிறார்கள். வசனத்தைத் தனியே பிய்க்காதே, முன்னும் பின்னும் படி என்கிற போதகர்கள் உதாரணத்துக்கு எடுப்பதும் பெரும்பாலும் இதைத்தான். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுவே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பதைத்தான் நான் ஏற்பதில்லை.

கி.மு. 597இல் பாபிலோனியர் எருசலேமின் அரசனையும் கைவினைஞரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இந்த 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த நகரத்தின் நலனுக்காகவும் மன்றாடுங்கள் என்கிறது கடிதம். மீட்பு 70 ஆண்டு கழித்துத்தான் என்று பத்தாம் வசனம் கணக்கும் சொல்லிவிடுகிறது. இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்ற அனனியாவை எரேமியா மறுப்பது முந்தைய அதிகாரம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். காலண்டரில் இதெல்லாம் வராது.

கனமூலை, மதுரங்குளி, கற்பிட்டி என்று இந்தப் புத்தளக் கரையோரம் வாழ்கிறவர்களுக்கு அப்படியொரு கடிதத்தை விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வந்தவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினார்கள். ஓலைக் கொட்டிலைக் கல்வீடாக்கினால் பிறந்த ஊர்க் காணியில் உள்ள உரிமை தளர்ந்துவிடுமா? வாக்கை எங்கே பதிவது? 2009இல் போர் முடிந்த பிறகும் பலர் இங்கேயே இருந்துவிட்டார்கள். அப்படி வாழ்ந்த ஒருவர் 29ஆம் அதிகாரத்தை முழுதாகப் படித்தால் அவருக்குக் கிடைப்பது காலண்டர் தருவதைவிட மிக அதிகம்.

ஆனால் முழு அதிகாரத்தையும் அப்படியே பிய்த்து எடுக்கலாம். இருக்கிற இடத்திலேயே வேரூன்றுங்கள், எரேமியாவே சொல்லியிருக்கிறார் என்று அகதிக்குப் புத்தி சொல்ல ஆள் கிடைக்காமல் போகாது. எரேமியாவுக்கோ அந்த நாடுகடத்தல் கடவுள் கொடுத்த தண்டனை. 1990இல் துரத்தப்பட்டவரிடம் அதைச் சொல்வது கொடுமை. ஒரு பகுதி எங்கே பொருந்தாது என்பதையும் பின்னணிதான் காட்டித் தர வேண்டும்.

பின்னணி எதுவரை நீளும் என்பது அடுத்த சிக்கல். பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் கூட இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். உருவ வழிபாட்டைப் பழிக்க மிஷனரிமார் தீர்க்கதரிசிகளையும் சங்கீதங்களையும் எடுத்துக்காட்டியபோது, 1854இல் அவர் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். விளக்கும் தூபமும் பலியும் உங்கள் வேதத்திலேயே கட்டளையாக இருக்கின்றனவே என்று கேட்டார். புத்தகத்தை முழுதாகப் படிக்க எதிராளியை வற்புறுத்திய வாதம் அது. தமிழில் இதற்கு நிகராக நான் கண்டது குறைவு. கிறிஸ்தவர்களுக்கும் பதில் இருந்தது: அந்தச் சடங்குகள் கிறிஸ்துவோடு முடிந்தன என்று எபிரேயர் நிருபம் சொல்கிறது. சில வசனம் படித்தால் ஒரு முடிவு, 66 புத்தகமும் படித்தால் இன்னொன்று.

வேதமே கூட இந்த விதியைக் கறாராகப் பின்பற்றவில்லை. ஓசியா 11:1 பேசுவது இஸ்ரவேல் எகிப்திலிருந்து வெளியேறிய பழங்கதையை. மத்தேயு அதைக் குழந்தை இயேசுவுக்குப் பொருத்துகிறார். போதகரின் அளவுகோலால் அளந்தால் மத்தேயுவும் தேறமாட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும் தாயிடம் போய் பாபிலோன் சரித்திரம் எடுக்க வேண்டியதில்லை. அதே வசனம் பிறர்மேல் கட்டளையாகவோ தீர்ப்பாகவோ விழும்போது மேலும் கீழும் படித்தே ஆக வேண்டும்.

நடைமுறையில் நாம் செய்வது வேறு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, இணைவைப்பாளரைக் கொல்லச் சொல்லும் குர்ஆனின் தவ்பா சூரா ஐந்தாம் வசனம் பலர் வாயிலும் அடிபட்டது. உடன்படிக்கையை மீறாதோருக்கு நான்காம் வசனம் விலக்கு அளிக்கிறது, அடைக்கலம் கேட்கும் இணைவைப்பாளனைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்கச் சொல்கிறது ஆறாம் வசனம் என்று முஸ்லிம்கள் எடுத்துச் சொன்னார்கள். சரியான பதில்தான். ஆனால் அதே வாயால் லூக்கா 19:27ஐ எடுத்து வீசி, எதிரிகளைத் தன் முன்னே வெட்டச் சொன்னவர் இயேசு என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். பேசுவது உவமையில் வரும் ஓர் அரசன். அது உவமை என்பது பதினாறு வசனங்களுக்கு மேலேயே எழுதியிருக்கிறது.