தீர்ப்பைத் தள்ளிவைக்கும் ரஸனை

திருவிளையாடற் புராணத்துப் பழியஞ்சின படலத்தைப் படிக்கும்போதெல்லாம், துப்பறியும் கதை முற்றிலும் மேனாட்டுச் சரக்கு என்போரின் அபிப்பிராயம் எனக்குச் சம்மதமாவதில்லை. மதுரைக்கு மனைவியோடும் குழந்தையோடும் வந்த அந்தணன் ஒருவன் தண்ணீர் கொண்டுவரப் போன வேளையில், ஆலமரத்தில் என்றோ எய்யப்பட்டுச் சிக்கிக் கிடந்த அம்பு காற்றில் உதிர்ந்து, நிழலில் இருந்த அவள்மீது பாய்ந்து உயிரைப் போக்கிவிடுகிறது. மரத்தின் மறுபுறம் இளைப்பாற வந்த வேடனோ கையில் வில்லோடு பிடிபடுகிறான். சாட்சியம் முழுவதும் அவனுக்கு விரோதம். ஆயினும் குலோத்துங்க பாண்டியன் மனம் ஒப்பாமல், இறைவனிடம் முறையிட்டு, அசரீரி சொன்ன கலியாண வீட்டுக்கு அந்தணனோடு போய் மறைந்திருந்து, அந்த அம்பை வீழ்த்திய உபாயத்தையும் அந்த மணமகனை மாட்டைக் கொண்டு முடிக்கப்போகும் உபாயத்தையும் யமதூதர் பேசிக்கொள்வதைக் கேட்கிறான்.

புலனாய்வுக்குத் தெய்வ சகாயம் வேண்டியிருந்தது வாஸ்தவமே. ஆனால் சாட்சியம் கண்முன் குவிந்து கிடந்தும் மன்னன் கொண்ட அந்தத் தயக்கம் இருக்கிறதே, அதுவே இவ்வகைக் கதைகளின் ஜீவன் என்பேன். குற்றவாளி இன்னார் என்று தெரிந்த பிறகு எஞ்சுவது சொற்பம். தெரியாத மட்டும், கதையில் வரும் ஒவ்வொருவரையும் ஒருமுறை சந்தேகித்து, மறுமுறை விடுவித்து, மனம் நியாயாசனத்தில் அமர்ந்திருக்கிற நேரந்தான் ரஸிகனுக்குப் பரம சுகம்.

ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இச்சுவையைத் தமிழில் பரப்பிவிட்டார்கள். அதைப் பூரணமாக அநுபவிக்க வேண்டுவோர் தேவனின் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ நாவலை எடுத்துக்கொள்ள வேண்டும். துரத்தலையும் துப்பாக்கியையும் நம்பாமல், கொலை வழக்கு ஒன்றின் விசாரணையையே கதையாக விரித்திருக்கிறார் அவர். கூண்டில் ஏறிய சாட்சி உறுதியாகச் சொன்ன சொல், குறுக்கு விசாரணையில் ஒவ்வோர் இழையாகப் பிரிந்துவருவதை ஜூரிகளோடு ஜூரியாக உட்கார்ந்து பார்க்கும்போது, அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வர நமக்கே கூச்சமாயிருக்கிறது. பிற்காலத்தில் சுஜாதா இதே தயக்கத்தை இரண்டு ஆசாமிகளாகப் பிரித்தார்: வசந்த் முந்திக்கொண்டு ஓர் ஊகத்தை வீசுவான், கணேஷ் அதை ஏற்கவும் மாட்டான், தள்ளவும் மாட்டான். அந்தச் சம்பாஷணையின் சுகத்துக்காகவே, முடிவு தெரிந்த கதையையும் மறுபடி படிக்கலாம்.

திரையில் இந்த வித்தையின் சிகரம் 1954-ல் எஸ். பாலசந்தர் எடுத்த ‘அந்த நாள்’. பாட்டே இல்லாத அந்தப் படத்தில், கொலையுண்டவனைச் சூழ்ந்திருந்த ஒவ்வொருவர்மீதும் சந்தேகம் விழுகிறது; ஒவ்வொரு சந்தேகமும் ஒரு புதுக் கதையாகவே நமக்குக் காட்டப்படுகிறது.

தொலைக்காட்சிக்கு வேறோர் அநுகூலம் உண்டு. நாவலின் கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டிப் பார்த்துவிடலாம். வாரத் தொடரில் அது நடவாது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொண்ணூறுகளில் ஒளிபரப்பானபோது, கொலைகள் கருப்பசாமியின் செயலா மனிதனின் செயலா என்று எங்கள் திருவதிகையில் வாரம் முழுவதும் வாதம் நடக்கும். பண்ருட்டி பஸ்ஸில் தொடர்ந்து, நெய்வேலியில் ஷிஃப்டுக்கு இறங்கும் வரையில் ஓயாது.

2022-ல் வந்த ‘சுழல்’ தொடரை இந்தப் பக்கத்து மனிதர்கள் பார்த்த விதமும் ரஸிக்கத் தக்கது. மயானக் கொள்ளைத் திருவிழாவின் நடுவே ஓர் ஆலை எரிகிறது. ஒரு பெண் காணாமற்போகிறாள். சந்தேகம் தொழிற்சங்கத் தலைவர்மீது விழுகிறது. மேல்மலையனூர்க் கொள்ளையைப் பிள்ளைப் பிராயத்திலிருந்து கண்டவர்கள் வேஷக்காரர்களின் கூட்டத்துக்குள் துப்புத் தேடினார்கள். நெய்வேலிக்காரர்களோ, சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள வழக்கை நேரில் அறிந்தவர்களாதலால், முதற்பகுதியில் போலீஸார் கைநீட்டிய ஆளைக் குற்றவாளி என்று ஒப்புக்கொள்ளவே மறுத்து, மேலும் சாட்சியம் கேட்டார்கள்.