கல்லில் நின்ற பெயர்

புறப்பாட்டு மன்னர் புகழ் பாடுவதே எனக் கூறி அமைவோர் உளர். கல்நடு துறைகளை ஊன்றி நோக்கின் அக்கூற்று நில்லாது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியர் கூறிய ஆறும் முடியுடை வேந்தர்க்கு மட்டும் உரியன அல்ல. ஆநிரைப் பூசலில் வீழ்ந்த ஊர் மறவனுக்கும் உரியன. 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல் இதற்குச் சான்று. அந்தவன் எனும் பெயர், கூடலூர் எனும் ஊர், ஆகோள் எனும் நிகழ்ச்சி. சொற்கள் சிலவே, ஒருவனை அறிய அவை போதும்.

இவ்வளவுகோலைச் சிங்கப்பூர்க் கற்களுக்கும் வைத்துப் பார்த்தல் தகும். ஆறு துறைகளையும் மனனம் செய்யும் மாணாக்கர் பலர் அக்கற்களைக் கண்டதில்லை.

1942 பிப்ரவரி 17-இல், தேக்காவை அடுத்த ஃபேரர் பார்க் திடலில், சரணடைந்த இந்தியப் படைவீரர் ஏறத்தாழ 45,000 பேர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். பலர் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். சேராதோருள் ஆயிரக்கணக்கானோர் நியூகினிக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1944-இல் இம்பால் களத்தில் இருபுறமும் இந்தியரே நின்றனர்.

பிரிட்டிஷ் இந்தியப் படையில் மாண்டோர்க்குக் கிராஞ்சியில் இடம் உண்டு. தனிக் கல்லறை இல்லாத 24,000-க்கு மேற்பட்டோர் பெயர்கள் அங்கு நேச நாட்டு வீரர் நினைவுச் சின்னத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேர்க்கு, பெரும்பாலும் இந்தியப் படையினர்க்கு, வேறொரு சின்னமும் உண்டு. பெயரும் படைப்பிரிவும் அறிகிறோம். ஊரும் செயலும் அறியோம். நடுகல் மரபோடு ஒப்பிடின் இது பாதிக் கல்லே.

எஸ்பிளனேடில் 1945 சூலை 8-இல் நேதாஜி அடிக்கல் நாட்டிய சின்னமோ பெயரறியா வீரனுக்கு எழுந்தது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனும் பொருள்தரும் இந்துஸ்தானிச் சொற்கள் மூன்று அதில் இருந்தன. பெயரறியா வீரனைப் போற்றுதல் 1920-இல் இலண்டனும் பாரிசும் தொடங்கிவைத்த வழக்கு. எழுத்தில்லா நடுகற்கள் நம்மிடமும் உள. ஆனால் அவற்றிற்குரியவனை அவ்வூரார் அறிந்திருந்தனர். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர் பலர் இப்படையிற் சேர்ந்தனர். அவரை அறிந்த தோட்டத்து லயங்கள் வேறு. கல் நின்ற கடற்கரை வேறு. அவ்விடைவெளியை மூன்று பெருஞ்சொற்கள் நிரப்பவில்லை.

அக்கல்லும் நிலைக்கவில்லை. 1945 செப்டம்பரில் மீண்ட பிரிட்டிஷார் அதனைத் தகர்த்தனர். 1995-இல் அங்கு வைக்கப்பட்ட நினைவுக்குறி, சின்னம் இருந்த இடத்தைக் காட்டுகிறது. அந்தவனைப்போல் ஒருவன் பெயரேனும் அதில் இல்லை.