சுத்துது, ஆனா நிக்குது!

முதல்ல ரூம் லைட்டை அணைச்சிடுங்க. எல்லா லைட்டையும்! அப்புறம் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளோட இடது மூலையில, உருளை மேல உட்கார்ந்திருக்கிற குமிழைத் திருப்புங்க. அவ்வளவுதான், அதுக்கடியிலிருந்து செக்கச் செவேல்னு ஒரு வெளிச்சம் வழிஞ்சு தட்டோட விளிம்பு மேல விழும். ஜப்பான்காரன் 1979-லயே இதைச் செஞ்சு வெச்சிட்டான்!

நண்பர் வீட்டுல இதை முதல்முறை பார்த்தப்போ எனக்கு ரெக்கார்டு ஞாபகமே வரலை. ஸ்டார்ட்டை அமுக்கினா முக்கால் நொடிகூட ஆகாது, தட்டு முழு வேகம் பிடிச்சிடும். விளிம்புல நாலு வரிசையா புள்ளிகள். தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுத்து வேகத்துல சுத்துது, ஆனா ஒரு வரிசைப் புள்ளி மட்டும் அப்படியே நிக்குது! குவார்ட்ஸ் கணக்குல அந்தச் சிவப்பு லைட் கண்ணுக்குத் தெரியாத வேகத்துல சிமிட்டுதாம். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல, ஒரு புள்ளி இருந்த இடத்துக்கு அடுத்த புள்ளி கச்சிதமா வந்து நின்னுடுதாம். காரணமெல்லாம் சரிங்க, நான் வாயைப் பொளந்துக்கிட்டு தட்டு மட்டத்துக்குக் குனிஞ்சு, மூக்கு இடிக்கிற தூரத்துல பார்த்துட்டே இருந்தேன். வலப்பக்கம் இருக்கிற பிட்ச் ஸ்லைடரைக் கொஞ்சம் நகர்த்தினா, நின்ன வரிசை மெல்ல ஊர்ந்து, இன்னும் தள்ளினா ஓடி, வேற ஒரு வரிசை வந்து 'இப்ப என் முறை'னு நிக்கும். திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தா 'டிக்'னு ஒரு சின்னச் சிக்கல், கூடவே பச்சைப் பொட்டு லைட்! அந்தச் சிக்கல் இடைஞ்சல்னு டிஜேக்கள் முணுமுணுப்பாங்க. முணுமுணுக்கட்டும், எனக்கு அந்த 'டிக்' வேணும்.

இதுக்கே இப்படின்னா, ஊசிக்குன்னு ஒரு லைட் இருக்கு பாருங்க, ஐயோ! வேண்டாதப்போ உள்ளே ஒளிஞ்சுக்கும். அமுக்கினா நத்தை கொம்பு நீட்டுற மாதிரி எழும்பி வந்து, ஊசி இறங்கப்போற இடத்துல வெளிச்சம் கொட்டும், கறுப்பு ரெக்கார்டுல ஒவ்வொரு வரியும் பளபளன்னு தெரியும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல இருக்கிற வெத்து இடம்கூடத் தனியாத் தெரியும், வேலை முடிஞ்சா விரலால ஒரு அழுத்து, உள்ளே போயிடும், நான் அதை எழுப்பி அமுக்கி எழுப்பி அமுக்கி விளையாடுறதைப் பார்த்து நண்பரோட பையனே சிரிச்சிட்டான்.

"பாட்டு போடவா, வேண்டாமாடா?"ன்னார் நண்பர், கையில ரெக்கார்டோட.

"இருப்பா, இன்னொரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு!"