இருபத்தைந்தில் ஒரு பங்கு: மாடல் கார்க் கலையின் மரபுகளும் தரங்களும்

மாடல் கார் கட்டுகிறவர்களிடம் நல்ல மாடல் எது என்று கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். டெட்ராய்ட் வழியில் வந்தவர் பெயின்டைப் பார்ப்பார். பாகங்களாகப் பெட்டியில் வரும் ஜப்பான் கிட்டுகளில் கை பழகியவர் பாகத்தோடு பாகம் சேரும் இடத்தைப் பார்ப்பார். ஐரோப்பியச் சிறு கார்களில் ஊறியவர், அந்தக் கார் எந்த ஆண்டு எந்தப் பந்தயத்தில் ஓடியது, அன்றைக்கு அதன் கதவில் என்ன எண் இருந்தது என்று கேட்பார். கிட்டே இல்லாமல் மரத்தையும் பித்தளையையும் செதுக்கிக் கட்டுகிறவருக்கு இவை எல்லாம் இரண்டாம் பட்சம். நால்வர் சொல்வதும் சரிதான். ஒரு மரபின் அளவுகோலை எடுத்துக்கொண்டு இன்னொரு மரபை அளக்கப் போகும்போதுதான் போட்டி மேடைகளில் அநியாயம் நடக்கிறது.

அமெரிக்க மரபு கார் விற்பனையிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஆண்டுதோறும் புது மாடல் வரும்போது அதன் சின்ன நகல் ஒன்றும் டீலர் கடைக்கு வரும். வாங்க வந்தவருக்கு நிறம் காட்டலாம், கூட வந்த பிள்ளையின் கையிலும் கொடுத்தனுப்பலாம். 'புரொமோ' என்று அழைக்கப்பட்ட இவற்றைச் செய்துகொடுத்த கம்பெனிகளில் முக்கியமானது, மிச்சிகன் மாநிலத்தில் 1948இல் தொடங்கிய ஏ.எம்.டி. முதலில் அலுமினியத்தில் வார்த்தார்கள், விரைவிலேயே பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அன்றைய அசிடேட் பிளாஸ்டிக் ஆண்டுகள் செல்லச் செல்ல நெளிந்து கோணிவிடும். அக்காலப் புரொமோக்களில் நேராக நிற்கும் ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் அதை விடவே மாட்டார்கள்.

1958இல் ஏ.எம்.டி. அதே 1/25 அளவு அச்சுகளைக் கொண்டு ஒட்டிக் கட்டும் கிட்டுகளை வெளியிட்டது. ஒரே பெட்டியில் மூன்று வழி: கடையில் வந்தபடியே கட்டலாம், பந்தயக் காராக்கலாம், மனம்போல மாற்றிக் கட்டலாம். 'த்ரீ இன் ஒன்' என்ற இந்த ஏற்பாடுதான் இந்தப் பொழுதுபோக்கின் போக்கையே மாற்றியது என்பது என் கருத்து. வேறெந்த மாடல் கலையிலும், கப்பலிலோ விமானத்திலோ, 'நீ விரும்பியபடி மாற்றிக்கொள்' என்று கம்பெனியே சொன்னதில்லை. மூலத்துக்கு விசுவாசமாக இரு என்பதுதான் அங்கெல்லாம் சட்டம். மாடல் காரில் மட்டும் கற்பனைக்கு முதல் நாளிலிருந்தே இடம் இருந்தது. இன்னொரு பக்கம், ஆண்டு மாறும்போது பழைய அச்சையே திருத்திப் புது ஆண்டுக் காராக்கிவிடுவார்கள். திருத்திய அச்சை மீட்க முடியாது. சில ஆண்டுகளின் கிட்டுகள் இன்று கிடைப்பதே அரிது என்பதற்குக் காரணம் அதுதான்.

இந்தக் கற்பனைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் கலிபோர்னியாவின் பட்டறைக்காரர்கள். ஜார்ஜ் பாரிஸ், அவர் அண்ணன் சாம் பாரிஸ் இருவர் கையிலும் பழைய மெர்க்குரி கார்கள் வேறு உருவெடுத்தன. 1951 மெர்க்குரி ஒன்றை அவர்கள் 1952இல் மாற்றிக் கட்டினார்கள். 'ஹிரோஹாட்டா மெர்க்' என்று பெயர் பெற்ற அந்தக் காரை இன்றும் பாடமாகப் பார்க்கிறார்கள். கூரையை இறக்குவது, உடம்பின் நடுவிலிருந்து ஒரு பட்டையை வெட்டியெடுத்து ஒல்லியாக்குவது, கைப்பிடியையும் சின்னங்களையும் வழித்தெடுப்பது, விளக்கை உடம்புக்குள் புதைப்பது ஆகிய நாலும் இந்த மரபின் அடிப்படை வித்தைகள். எட் ராத் இன்னொரு பக்கம் போனார். எலி முகமும் பிதுங்கிய கண்களுமாக அவர் வரைந்த 'ராட் ஃபிங்க்' பாத்திரத்தை ரெவெல் கம்பெனி 1963இல் கிட்டாகவே விற்றது.

கூரை இறக்குவதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நிஜக் காரில் 4 அங்குலம் இறக்கினால், 1/25இல் அது 4 மில்லிமீட்டர். மெல்லிய ரம்பத்தால் கண்ணாடித் தூண்களில் 4 மில்லிமீட்டர் வெட்டியெடுத்துக் கூரையைத் திரும்ப வைத்தால் முடிந்தது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். வைத்துப் பார்த்தால் பொருந்தாது. முன் தூண் பின்னோக்கியும் பின் தூண் முன்னோக்கியும் சாய்ந்திருப்பதால், இறங்கிய கூரை தன் தூண்களுக்குப் போதாத நீளத்தில் நிற்கும். கூரையையே குறுக்கே இரண்டாக அறுத்து நடுவில் பிளாஸ்டிக் பட்டை சேர்த்து நீட்டுவது ஒரு வழி. முன் தூணைச் சாய்த்து, பின் கண்ணாடியை வெட்டாமல் அப்படியே முன்பக்கம் படுக்கவைப்பது இன்னொரு வழி. மெர்க்குரிக்கு அழகு தருவது இரண்டாவதுதான். பின் கண்ணாடியையும் உயரம் குறைத்தால் கார் கண் சுருக்கியதுபோல ஆகிவிடுகிறது. வெட்டிய இடத்தைப் பட்டி வைத்து மூடினால் பட்டி காயும்போது சுருங்கி, பெயின்டுக்குப் பிறகு சில மாதங்களில் கோடு விழும். அதனால் தேர்ந்தவர்கள் அதே கிட்டின் மிச்சப் பிளாஸ்டிக் காம்புகளை ஒட்டும் திரவத்தில் கரைத்துக் கூழாக்கி அதையே நிரப்புவார்கள். அதுவும் பாலிஸ்டைரீன், உடம்பும் பாலிஸ்டைரீன் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடும். வெட்டிய தடம் வராது.

பெயின்டில் இந்த மரபின் பெருமை 'கேண்டி' நிறம். அடியில் வெள்ளி அல்லது பொன் நிறம், மேலே கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் சிவப்போ நீலமோ பல பூச்சு. ஒவ்வொரு பூச்சிலும் நிறம் ஆழமாகிக்கொண்டே போகும். ஓரிடத்தில் கை ஒரு நொடி கூட நின்றால் அந்த இடம் கருத்துவிடும், திருத்தவும் முடியாது. இதைச் சீராக அடித்த ஒரு உடம்பைப் பார்த்தால், கட்டியவருடைய கையின் நிதானம் முழுவதும் அதில் தெரியும்.

கிட்டே இல்லாமல் கட்டும் மரபுக்கும் அமெரிக்காவில் ஒரு பெரிய பள்ளி இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை பள்ளிப் பருவத்துப் பையன்களுக்காக நடத்திய போட்டி அது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் குதிரைக் கோச்சு வண்டியை அச்சு அசலாகச் செய்யச் சொன்னார்கள். பிறகு சொந்தமாக வடிவமைத்த காரை 1/12 அளவில் செய்யச் சொன்னார்கள். பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. 1947இல் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்புத் துறைக்கே துணைத் தலைவரானார். மரக்கட்டையை இழைத்துக் காரின் தோள்கோட்டைத் தேடிய அந்தப் பையன்களில் பலர் பிறகு நிஜக் கார்களையே வடிவமைத்தார்கள்.

இங்கிலாந்தில் இந்த மரபின் உச்சம் ஜெரல்ட் விங்ரோவ். பழைய ரேஸ் கார்களின் கம்பிச் சக்கரங்களை அவர் செய்த முறை எந்தப் பட்டறைக்கும் பாடம். சக்கர வளையத்தை லேத்தில் கடைந்து, அதற்கென்றே ஒரு அச்சுத்தட்டு செய்து, மயிரிழைபோன்ற கம்பிகளை நிஜச் சக்கரத்தின் குறுக்கு வரிசைப்படியே கோப்பார். தான் கற்றதை மறைக்காமல் புத்தகமாகவும் எழுதிவைத்தார். விங்ரோவின் மாடலைப் படத்தில் பார்ப்பவர்கள் அதை நிஜக் கார் என்றே நினைத்துவிடுவது உண்டு.

ஜப்பான் மரபு ஒரே மாநிலத்தின் கதை. தமியா, ஹசெகாவா, அவோஷிமா, புஜிமி நான்குமே ஷிசுவோகா மாநிலத்தைச் சேர்ந்தவை. தமியா முதலில் மர வியாபாரம். 1951இல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு மர மாடல்களில் கவனம் வைத்தார்கள். 1960இல் பிளாஸ்டிக்கில் முதன்முதலாகச் செய்த யமாட்டோ போர்க்கப்பல் விலைப் போட்டியில் தோற்றது. அதற்குப் பிறகு ஷுன்சாகு தமியா எடுத்த வழி, மூலத்தை நேரில் அளப்பது. 1967இல் வந்த 1/12 ஹோண்டா ஃபார்முலா ஒன் கார் அந்தக் கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1976இல் வந்த போர்ஷே 934 ரேடியோ கன்ட்ரோல் காருக்காக அவர் ஒரு நிஜப் போர்ஷே 911ஐ வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தார். அந்தப் பழக்கம்தான் ஷிசுவோகாவின் தரம். பாகத்தைக் காம்பிலிருந்து வெட்டி ஒட்டாமலே சேர்த்துப் பிடித்தால், பிடித்தபடி நிற்க வேண்டும்.

இந்த மரபில் பெயின்டின் இறுதி வேலை மெருகு. நிறத்துக்கு மேல் தெளிவான லாக்கரைப் பல பூச்சு அடித்து, நன்றாக ஆறவிட்டு, 2000ஆம் எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி நீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு பசையும் மென்துணியும். அரக்குப் பாத்திரங்களுக்கு மெருகேற்றும் பழைய ஜப்பானியக் கைவேலையின் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். குறை என்று சொன்னால், 1/24 அளவில் வரும் ஜப்பானியக் கிட்டுகளில் பலவற்றுக்கு எஞ்சினே கிடையாது. பானட்டைத் திறக்க முடியாது. டெட்ராய்ட் மரபுக்காரர் இதை ஏற்கவே மாட்டார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. திறக்காத பானட்டின் இடைவெளிக் கோடு திறக்கும் பானட்டில் ஒருபோதும் அவ்வளவு சுத்தமாக அமைவதில்லை.

ஐரோப்பியச் சிறு கார்களின் 1/43 அளவுக்கு வேர் ரயிலில் இருக்கிறது. பிரிட்டனில் 'ஓ' கேஜ் பொம்மை ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்காக லிவர்பூலின் மெக்கானோ கம்பெனி செய்த சிறு வண்டிகள் 1934இல் 'டிங்கி டாய்ஸ்' ஆயின. நம் நாட்டுக்கும் இதில் ஒரு நேரடி உறவு உண்டு. அறுபதுகளின் பிற்பகுதியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் வார்க்கப்பட்டன. எழுபதுகளில் இங்கிலாந்தின் ஜான் டே போன்றவர்கள் ரப்பர் அச்சில் வெள்ளை உலோகத்தை ஊற்றிச் சிறு எண்ணிக்கையில் கிட்டுகள் செய்யத் தொடங்கினார்கள். ஈயச்சட்டிபோலச் சீக்கிரம் உருகும் உலோகம், விலை குறைந்த அச்சு. அதனால் பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத கார்களையும் செய்ய முடிந்தது. இரவு பகலாக நடக்கும் லே மான் பந்தயத்தில் ஓடிய கார்கள் இந்த அளவில் பெருகின. இத்தாலியின் டாமியோ ஃபார்முலா ஒன் கார்களுக்கென்றே நின்றது. இங்கே தரம் என்றால் ஆதாரம். சனிக்கிழமை மாலை கார் எப்படி இருந்தது, ஞாயிறு காலைக்குள் எந்த ஸ்டிக்கர் கிழிந்தது என்பது வரை பார்ப்பார்கள்.

எல்லா மரபுக்கும் பொதுவான ஒரு சோதனை இருக்கிறது. அது கணக்கு. நிஜக் காரில் கதவுக்கும் உடம்புக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 1/25இல் அது 0.16 மில்லிமீட்டர். நிஜக் காரின் பெயின்ட் ஏறத்தாழ 100 மைக்ரான் தடிமன், மாடலில் அது 4 மைக்ரான் ஆக வேண்டும். அப்படி யாராலும் அடிக்க முடியாது. அதனால்தான் பெயின்டுக்கு முன்பே கதவுக் கோடுகளை ஊசியால் ஆழப்படுத்துகிறோம், இல்லாவிட்டால் கோடு பெயின்டில் மூழ்கிவிடும். கிட்டில் வரும் கண்ணாடி 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜத்தில் அது 25 மில்லிமீட்டர், குண்டு துளைக்காத வண்டிக்குரிய கனம். டப்பாவில் வாங்கும் மெட்டாலிக் பெயின்டின் உலோகத் துகளும் அப்படித்தான். நிஜக் காருக்கான துகளை மாடலில் அடித்தால் கார் மீது கூழாங்கல் தூவியதுபோலத் தெரியும்.

நடுவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பாகங்களின் எண்ணிக்கையை அல்ல. மாடலைக் கண் உயரத்துக்கு எடுத்து, பக்கவாட்டில் விழும் டியூப் லைட் வெளிச்சம் முன் மட்கார்டிலிருந்து பின் மட்கார்டு வரை ஒரே கோடாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது நிற்கும் தோரணை. நான்கு சக்கரமும் தரையைத் தொடுகின்றனவா, மட்கார்டு வளைவுக்குள் சக்கரம் நடுவில் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோரணை தவறிய மாடலில் ஸ்பார்க் பிளக் ஒயரை எவ்வளவு நுணுக்கமாக ஓட்டியிருந்தாலும் அது காராக நிற்காது. அச்சுக் கோடு, குழிவு, ஒட்டுத் தழும்பு ஆகியவற்றை முதலில் பார்த்து, அழகை அடுத்த நிலைக்கு வைக்கும் முறை 1963இல் பிரிட்டனில் தொடங்கிய ஐ.பி.எம்.எஸ். அமைப்பின் வழி. சால்ட் லேக் சிட்டியில் மார்க் கஸ்டாவ்சன் 1979இல் தொடங்கிய ஜி.எஸ்.எல். போட்டி மாடல் காருக்கென்றே கடுமையான தரத்தை வைத்தது. இதற்கு நேர் எதிர், ஓஹியோவின் டொலீடோவில் வளர்ந்த என்.என்.எல். கூட்டங்கள். அங்கே தரம் பிரிக்கும் நடுவர் கிடையாது, மேசையில் வைத்துப் பேசலாம். இரண்டும் வேண்டும் என்பேன். கற்றுக்கொள்ள முதலாவது, மாற்றிக் கட்டும் துணிச்சலுக்கு இரண்டாவது.

இப்போது வீட்டிலேயே ரெசின் பிரிண்டர் வந்துவிட்டது. அதில் அச்சடித்த சக்கரத்தைக் கையால் செய்ததாக ஏற்கலாமா என்ற சண்டை ஒவ்வொரு போட்டியிலும் நடக்கிறது. வடிவத்தைத் தானே அளந்து வரைந்திருந்தால் அது கைவேலைதான். வேறொருவர் வரைந்த கோப்பை அச்சடித்தால் அது விலைக்கு வாங்கிய பாகத்துக்குச் சமம். நுழைவுச் சீட்டில் இதை எழுதச் சொல்லிவிட்டால் சண்டை முடிந்துவிடும்.

நம் ஊரில் கட்டுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் லாக்கரில் ஏறி வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மாதங்களில் மெதுவாக ஆறும் தின்னரைச் சேர்க்க வேண்டும், அல்லது அடிக்காமல் இருக்க வேண்டும். பழைய கிட்டுகளில் டயரைப் பெட்டிக்குள் மற்ற பாகங்களோடு விடக் கூடாது. டயரின் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெக்கையில் கசிந்து, பட்ட பிளாஸ்டிக்கை அரித்துத் தடம் போடும்.

நமக்கென்று ஒரு வேலையும் காத்திருக்கிறது. சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் செய்யப்பட்டன. மூலம் பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டு. அங்கே அந்தச் செடானுக்கு இரண்டு கதவு. அறுபதுகளின் பிற்பகுதியில் இங்கே வந்த மார்க் 3க்கு நாலு கதவு. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/32 அளவு டிரையம்ஃப் ஹெரால்டு கிட் இரண்டு கதவுடன் இருக்கிறது. அதை நம் நாலு கதவுக் காராக்க, இருக்கும் கதவுக் கோட்டைப் பிளாஸ்டிக் கூழால் அடைத்து, நடுத்தூணை முன்னுக்கு நகர்த்தி, புதிதாக இரண்டு கதவுக் கோடுகளைக் கீற வேண்டும். ஜன்னல் கண்ணாடியையும் நாலாகப் பிரிக்க வேண்டும். உள்ளே இருக்கையும் கதவு உட்தட்டும் மாற வேண்டும். இதற்குத் தேவையான அளவுகள் கேரேஜ்களில் துணி மூடி நிற்கும் கார்களில் மட்டுமே கிடைக்கும். நடுத்தூணின் அகலம், பின் கதவின் கீழ் வளைவு, கைப்பிடிகளின் உயரம் ஆகிய மூன்றை டேப் வைத்து அளந்து, நேர்ப் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்துக்கொண்டால் வேலையைத் தொடங்கிவிடலாம்.